பிராசசரை ஓவர்கிளாக் செய்யும் முன் ராமைக் கவனியுங்கள்

வீட்டுக் கணினியின் பிராசசரை ஓவர்கிளாக் செய்யலாமா, அதாவது அதற்கென வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டலாமா? புதிய கணினி என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முன்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் சில்லு ஒன்றை 3-க்கு மேலேகூட ஏற்ற முடிந்தது. அதில் லாபம் இருந்தது. இன்றைய இன்டெல், ஏஎம்டி சில்லுகள் சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. நமக்கு மிச்சம் வைப்பது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்துக்கும் கொடுக்கும் விலை அதிகம். வோல்டேஜைக் கூட்டினால் மின்செலவு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கி, வேகத்தை 5 சதவீதம் கூட்டினால், சில்லு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். ஃபேன் இரையும். 100 டிகிரியை நெருங்கினால் சில்லு பயந்து தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பட்ட பாடு வீண்.

அதற்குப் பதில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ, அதாவது ராமை அதன் மேல் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் அமைப்பு, இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வேகம் 6000 என்று போட்டிருக்கும் டிடிஆர்5 வகை ராம், அதை இயக்காதவரை பெரும்பாலும் 4800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வேகம் அது! அப்புறம், சில்லின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கில் அடைந்த தூசியைத் தட்டி, இரண்டுக்கும் நடுவே காய்ந்த தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள்.

சரி, ஆசை விடவில்லையா? முதலில் பேக்கப் எடுங்கள். வேகத்தை நூறு நூறு மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். நிலையில்லாத வேகத்தில் கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.