அஞ்சு பிள்ளைங்க, ஒரு வீடு, ஸ்கூல் கிடையாது: ஒரு நாளை எப்படி ஓட்டுறது

நிறைய பிள்ளைங்க இருக்கிற வீட்ல ஹோம்ஸ்கூலிங்னா பாடம் சொல்லிக் கொடுக்கிறதுதான் பெரிய பாடுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது பரவாயில்லைங்க, சோறு, துணி, பாத்திரம், சண்டை இந்த நாலுக்கும் நடுவுல பாடத்துக்கு இடம் பிடிக்கிறதுதான் பாடு. எங்க வீடு மதுரையில, பெரியவளுக்கு 13, கடைக்குட்டிக்கு 3, நடுவுல 11, 8, 6ன்னு மூணு பேரு, நாங்க ரெண்டு பேரு, என் மாமியார், ஆக மொத்தம் எட்டு தட்டு. ரெண்டு மூணு பிள்ளைங்களை வீட்லயே படிக்க வைக்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்கிறவங்க நிறைய பேரு கேக்குறதால எங்க வீடு எப்படி ஓடுதுன்னு எழுதுறேன், உங்க வீட்டுக்கு எது சரிப்படுமோ அதை எடுத்துக்கோங்க.

டைம்டேபிள் போடாதீங்க. ஆரம்பிக்கிற எல்லாரும் சார்ட் வாங்கி ஸ்கெட்ச்ல கோடு போட்டு 9லருந்து 9.45 கணக்கு, 9.45லருந்து 10.30 அறிவியல்னு எழுதி செவுத்துல ஒட்டுவாங்க. 9 மணிக்கு கேஸ் சிலிண்டர்காரர் வருவாரு, அன்னைக்குன்னு பார்த்து கார்ப்பரேஷன் தண்ணியும் வரும், சின்னது ஜட்டியோட ஒன்னுக்கு போய்டும், 9.20க்கே அந்த சார்ட் செத்துருச்சு, மிச்ச நாள் பூரா லேட்டாயிட்டோம் லேட்டாயிட்டோம்னு பிள்ளைங்களை விரட்டிக்கிட்டே இருப்பீங்க. அதனால மணி பார்க்காம வரிசையை மட்டும் பிடிங்க, எதுக்கு அப்புறம் எதுங்கிறது மட்டும் மாறாம இருந்தா போதும். எங்க வீட்ல காலை சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் விளக்கு ஏத்துறது, இந்த மூணும்தான் முளைக்குச்சி. காலைல சாப்பிட்டு அவங்கவங்க தட்டைக் கழுவி வச்சா உக்கார்ற பாடம், அது முடிஞ்சா மோரோ சுண்டலோ, அப்புறம் எல்லாரும் சேர்ந்து படிக்கிற பாடம், சாப்பாடு, சத்தமில்லா நேரம், வெளி விளையாட்டு, விளக்கு, அப்புறம் கதைப் புத்தகம். காலை சாப்பாடு 8க்கு முடிஞ்சாலும் சரி, கல்யாண வீட்டுக்கு போயிட்டு வந்த மறுநாள் 10க்கு முடிஞ்சாலும் சரி, வரிசை அதேதான். மூணு வயசு பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது, ஆனா தட்டு கழுவினா அடுத்து பாய் விரிக்கணும்னு நல்லாவே தெரியும்.

உக்கார்ற பாடம்னு நான் சொல்றது கணக்கும் மொழியும் மட்டும்தான், தமிழ், இங்கிலீஷ் வாசிக்கிறது எழுதுறது. இது ரெண்டும்தான் படிப்படியா ஏற வேண்டியது, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு படியில நிக்கும், சேர்த்து நடத்த முடியாது. இதுல ஒரு நெளிவு சுளிவு இருக்கு, சின்னதுலருந்து ஆரம்பிங்க. பெரிய பிள்ளைக்கு பாடம் முக்கியம்னு அவங்களை முதல்ல கூப்பிட்டா சின்னது உங்க முதுகுல ஏறி நிக்கும். முதல் பத்து நிமிஷம் அவனை மடியில வச்சு ஒரு படக்கதை படிச்சிட்டு, ஒரு கிண்ணம் புளியங்கொட்டையும் காலி இட்லி தட்டும் குடுத்துடுவேன், ஒவ்வொரு குழியிலயும் ரெண்டு போடு, இப்ப மூணு போடுன்னு சொன்னா அவன் பாட்டுக்கு ரொம்ப நேரம் ஓட்டுவான். (கொட்டையை வாய்ல போடுற வயசா இருந்தா இது வேணாம், பெரிய பாட்டில் மூடி குடுங்க.) அப்புறம் 6 வயசுக்காரி, அப்புறம் 8. அதுவரைக்கும் பெரியதுங்க ரெண்டும் தானா படிக்கணும், புரியலன்னா கூப்பிடக் கூடாது, அந்த இடத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டுட்டு அடுத்ததுக்கு போயிடணும். அவங்க முறை வரும்போது கேள்விக்குறி போட்ட இடத்தை மட்டும் பார்ப்போம், பாதிக்கு மேல அதுங்களே ரப்பர் வச்சு அழிச்சிருக்கும், ஏன்னா ரெண்டாவது தடவை பார்க்கும்போது தானா புரிஞ்சிருக்கும். நான் ஒரு பிள்ளையோட உக்காந்திருக்கும்போது மத்தவங்க கூப்பிடலாம்னா மூணே காரணம்தான்: ரத்தம், நெருப்பு, வாந்தி. இதை பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே சொல்லும், ஆனா கடைப்பிடிக்குதுங்க.

மிச்ச எல்லா பாடமும் பொதுவு. அஞ்சு பேருக்கு அஞ்சு அறிவியல், அஞ்சு வரலாறு நடத்துனா ஆளு காலி. ஒரே விஷயத்தை எடுத்து அவங்கவங்க ஆழத்துக்கு இறங்க விட்டுறணும். வைகையை எடுத்தோம்னு வைங்க, எங்களுக்கு கண்ணு முன்னாடி இருக்கிற ஆறு, பாதி நாள் மணல்தான் தெரியும்னாலும் ஆறு ஆறுதானே. மூணு வயசு நீலக் கலர்ல ஒரு கோடு இழுப்பான். 6 வயசுக்காரி வருசநாட்டு மலையில ஆரம்பிச்சு தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு ஊர்ப் பேரு எழுதுவா. 8 வயசு ஆறோட நீளம் 258 கிலோமீட்டர், பஸ்ல போனா எவ்ளோ நேரம் ஆகும்னு கணக்கு போடுவான். 11 வயசு வைகை அணை 1959ல திறந்தது, 71 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம், பேப்பர்ல வர்ற நீர்மட்டத்தை தினமும் எழுதி கிராஃப் போடுவான். பெரியவ முல்லைப் பெரியாறுக்கு போயிடுவா, 1895ல பென்னிகுவிக் கட்டி முடிச்சது, மேற்கே ஓடுற தண்ணியை மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பினது, 2014ல சுப்ரீம் கோர்ட் 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு சொன்னது, கேரளாக்காரங்க ஏன் பயப்படுறாங்க, நமக்கு ஏன் அந்த தண்ணி வேணும்னு ரெண்டு பக்கமும் பேசணும். இந்த ஒரு ஆறை வச்சே ரெண்டு வாரம் ஓட்டிறலாம், சாப்பாட்டு நேரத்துல அவங்களுக்குள்ளயே பேசி சின்னதுங்களுக்கும் பாதி விஷயம் காதுல விழுந்துடும். அதுதான் நிறைய பிள்ளைங்க இருக்கிறதுல உள்ள லாபமே.

பக்கத்துல என்ன இருக்கோ அதை விடாதீங்க. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்ல திறந்ததுலருந்து எங்களுக்கு அதுதான் வரலாறு புத்தகம். அங்க பானை ஓட்டுல தமிழி எழுத்துல, அதாவது அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துல, ஆதன்னு பேரு கீறி வச்சிருக்கிறதை பார்த்துட்டு வந்து, உடைஞ்ச பூந்தொட்டி ஓட்டை எடுத்து ஆணியால 6 வயசுக்காரி அவ பேரைக் கீறினா. முதல் எழுத்துலயே கை வலிக்குதும்மான்னு நிறுத்திட்டா, அப்புறம் அவளே, அப்போ எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டு பேரு எழுதுனாங்கன்னு கேட்டா. அதுக்கு அவ அண்ணன் சொன்ன பதில், "பானை காணாம போகக் கூடாதுல்ல." நம்ம வீட்டு எவர்சில்வர் பாத்திரத்துல பேரு வெட்டி வச்சிருக்கமே, அதையும் அவங்களே கண்டுபிடிச்சு எல்லாத்தையும் கவுத்துப் பார்த்துட்டாங்க. அதே மாதிரி புது நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலைல திறந்தது, பிள்ளைங்களுக்குன்னு தனி இடம், ஏசி வேற, மே மாச மதுரை வெயிலுக்கு அது போதும்.

இப்ப வீட்டு வேலை. அஞ்சு பேரும் நாள் பூரா வீட்லயே இருந்தா வீடு நாள் பூரா அழுக்காகும், இதை யாரும் முன்னாடியே சொல்றதில்ல. சாப்பாடு ஆறு தடவை, டம்ளர் முப்பது. அதுக்கு ஒரு வழிதான், ஆளுக்கு ஒரு டம்ளர் ஒரு தட்டு, அடியில நெயில் பாலிஷ்ல ஆளுக்கொரு கலர் பொட்டு, அலமாரியில மத்த டம்ளரை எல்லாம் மேல ஏத்திடுங்க. சிங்க்ல கிடக்கிற டம்ளர் யாருதுன்னு தெரிஞ்சாலே பாதி சண்டை போச்சு. துணிக்கும் அதே கலர்ல கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் ஒரு நூல் தையல், அப்போ 6 வயசு பிள்ளை கூட மடிச்சு பிரிச்சு வச்சிரும். மேல உள்ள பிள்ளையோட சட்டை கீழ இறங்கும்போது பழைய நூலைப் பிரிச்சிட்டு புதுக் கலர் போட்டுக்கலாம்.

வேலையை தினமும் மாத்தி மாத்தி குடுக்காதீங்க, நேத்து நான்தானே பண்ணேன்னு வக்கீல் மாதிரி வாதாடுவாங்க. ஒரு மாசம் பூரா ஒருத்தருக்கு ஒரு வேலைன்னு விடுங்க, கையும் பழகிடும். எங்க வீட்ல மாவு அரைக்கிறது 8 வயசுக்காரன் பொறுப்பு, அதாவது அளக்கிறதும் ஊற வைக்கிறதும், கிரைண்டர் ஸ்விட்ச் பக்கம் பெரியவங்கதான். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, வீட்டுக்கு ஆளு வர்றாங்க அஞ்சு டம்ளர் போடுடான்னா உளுந்து ஒன்னேகால்னு அவனே சொல்லணும். பின்னம்னு ஒரு பாடம் நான் நடத்தவே இல்ல, காலு, அரை, முக்கால் எல்லாம் டம்ளர்லயே வந்துருச்சு. 11 வயசுக்காரன் கரண்ட் மீட்டர் பார்ப்பான், ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் ஃப்ரீ, மிச்சத்துக்கு எவ்ளோ வரும்னு முன்னாடியே கணக்கு போட்டு சொல்லணும், அதுலருந்து ஃபேன் ஆஃப் பண்ணாம போறவங்க பின்னாடியே போலீஸ் மாதிரி சுத்துறான்.

ஒன்னு மட்டும் கண்டிப்பா சொல்லணும், மூத்த பொண்ணை இன்னொரு அம்மாவாக்கிடாதீங்க. நிறைய பிள்ளைங்க இருக்கிற வீட்ல இது தானா நடக்கும், யாரும் திட்டம் போட்டு பண்றதில்ல, நீ கொஞ்சம் பாத்துக்கோடின்னு ஆரம்பிச்சு அவ படிப்பே போயிடும். சின்னவனைக் குளிப்பாட்டுறது, சாப்பாடு ஊட்டுறது அவ வேலை லிஸ்ட்ல கிடையாது, ஆசைப்பட்டு செஞ்சா சந்தோஷம். பையன்களும் அதே அளவு பாத்திரம் தேய்க்கணும். என் மாமியார் முதல்ல முகம் சுளிச்சாங்க, இப்போ அவங்களே பேரனை கூப்பிட்டு கொத்தமல்லி ஆய வைக்கிறாங்க.

மாமியார்னு சொன்னதும் ஞாபகம் வருது, வீட்ல பெரியவங்க இருந்தா அவங்களுக்கு ஒரு பாடத்தை முழுசா குடுத்துடுங்க, நடுவுல மூக்கை நுழைக்காதீங்க. ஆத்திசூடி, விடுகதை, பல்லாங்குழி மூணும் எங்க வீட்ல அப்பத்தா டிபார்ட்மென்ட். பதினாலு குழியில முத்தை போட்டு எங்க முடியும்னு எடுக்கிறதுக்கு முன்னாடியே கண்ணாலயே எண்ணுறது இருக்கு பாருங்க, அது எந்த மனக்கணக்கு கிளாஸ்லயும் வராது.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு சத்தமில்லா நேரம் ஒரு மணி நேரம். தூங்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா ஆளுக்கொரு மூலை, பேச்சு கிடையாது, புத்தகம், படம் வரையறது, சும்மா படுத்திருக்கிறது எதுவும் ஓகே. இது பிள்ளைங்களுக்காகன்னு சொல்லுவேன், உண்மையில எனக்காக. நாள் பூரா அஞ்சு வாய் அம்மா அம்மான்னு கூப்பிடும்போது அந்த ஒரு மணி நேரம் இல்லன்னா சாயங்காலம் நான் கத்த ஆரம்பிச்சிடுவேன். அந்த நேரத்துல துணி மடிக்காதீங்க, போய் படுங்க. போன், லேப்டாப் இதுக்கு அப்புறம்தான், ஒரே ஒரு லேப்டாப், வரிசை எழுதி ஒட்டியிருக்கு, வேற பேச்சே இல்ல.

காய்ச்சல் வந்தா வீட்ல ஒருத்தரோட நிக்காது, வரிசையா அஞ்சும் படுக்கும். அந்த வாரத்துல பாடத்தை மொத்தமா மூடிடுங்க, கஞ்சி, ரசம், கதை அவ்ளோதான். வாரம் போச்சேன்னு பதற வேணாம், ஸ்கூல்லயும் மழைக்கு லீவு விடத்தானே செய்றாங்க.

புத்தகத்துக்கு ரொம்ப செலவு பண்ணாதீங்க. தமிழ்நாட்டுப் பாடநூல் எல்லாமே பிடிஎஃப்பா இலவசமா கிடைக்குது, தேவையான பாடத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில எடுத்து ஸ்பைரல் போட்டா அஞ்சு பேரும் வரிசையா அதையே படிக்கலாம், ஒரே கண்டிஷன், புத்தகத்துல விடை எழுதக் கூடாது. ராத்திரி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுல மூணு வரி, இன்னைக்கு என்ன படிச்சான், எதுல திணறுனான், என்ன கேட்டான். நாளைக்கு ஸ்கூல்ல சேர்க்கணும்னு ஆனாக்கூட எந்த வகுப்புக்கு சரியா வரும்னு பார்க்க அந்த நோட்டு போதும்.

சட்டம் பத்தி கேக்குறவங்களுக்கு. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம் 6லருந்து 14 வயசு பிள்ளைங்களுக்கு இலவச கட்டாயக் கல்வின்னு சொல்லுது, ஹோம்ஸ்கூலிங்னு தனியா எதுவும் அதுல எழுதல, பதிவு பண்ற முறையும் இல்ல. சர்டிபிகேட்டுக்கு பெரும்பாலானவங்க போறது என்ஐஓஎஸ், மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி. பத்தாவதுக்கு 14 வயசு முடிஞ்சிருக்கணும், அஞ்சு பாடம் பாஸ் பண்ணணும், ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை, ஒரு அட்மிஷன் அஞ்சு வருஷம் செல்லும், அதனால எல்லா பாடத்தையும் ஒரே மூச்சுல எழுதணும்னு இல்ல, ரெண்டு ரெண்டா எழுதலாம். வீட்ல ரெண்டு பேரு ஒரே நேரத்துல பரீட்சை எழுத வேண்டி வந்தா இது பெரிய உதவி, ஒருத்தர் ஏப்ரல், ஒருத்தர் அக்டோபர்னு பிரிச்சுக்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை, பிள்ளைக்கு ஒரு ஃபைல் போட்டு பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாம் அதுல வச்சிருங்க. ஸ்கூல் போற பிள்ளைக்கு டிசி இருக்கும், நம்ம பிள்ளைக்கு பிறப்புச் சான்றிதழ்தான் எல்லாம். அதுல இருக்கிற பேரும் ஆதார்ல இருக்கிற பேரும் இனிஷியல் உள்பட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகுதான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க, மாறியிருந்தா எல்லா பிள்ளைக்கும் சேர்த்து ஒரே அலைச்சல்ல முடிச்சிடுங்க, பரீட்சை ஃபார்ம் போடுற வாரத்துல ஓடுனா நடக்காது.