களைக்கூடையில் எதை எடுத்து வைப்பது

மானாவாரிக் காட்டில் நிலக்கடலைக்கோ சோளத்துக்கோ முதற்களை வெட்டும்போது, பிடுங்கியதையெல்லாம் ஒன்றாக வரப்பில் குவித்துவிடாமல், கையோடு இரண்டு கூடைகளை வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் வாடிய பின் எது எந்தச் செடி என்று அடையாளம் காண்பது கடினம். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த காட்டிலிருந்து உண்பதற்கு எதையும் எடுக்கக் கூடாது.

முதற்கூடை கீரைக்கு உரியது. கொங்குப் பகுதியில் விரும்பி உண்ணப்படும் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் பூங்கதிர் விடுவதற்கு முன், தண்டு நகத்தால் கிள்ளினால் ஒடியும் பருவத்திலேயே சுவையாக இருக்கும். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த கதிர் நீண்டுவிட்டால் இலை நாராகிவிடும். வேருடன் பிடுங்கிய செடியில் மண் ஒட்டியிருக்கும் என்பதால், கொழுந்தை மட்டும் ஆய்ந்து மூன்று தண்ணீரில் அலச வேண்டும். துவரம்பருப்பு பாதி வெந்ததும் கீரை, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், பச்சை மிளகாய் ஆகியவற்றைச் சேர்த்துக் குழைய வேகவிட்டு, உப்பிட்டு மத்தால் கடைந்தால், களிக்கும் கம்பஞ்சோற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான குழம்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஐயமுள்ள செடியை, ஊரில் அதைச் சமைத்துப் பழகிய மூத்தவர்களிடம் காட்டாமல் அடுப்பில் ஏற்றக் கூடாது.

இரண்டாம் கூடை கோரைக்கிழங்குக்கு. கோரையை மேலாக அறுப்பதால் பயனில்லை; மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து அது மீண்டும் தழைத்துவிடும். ஆகவே ஈரம் இருக்கும்போது கிளறிக் கிழங்கைப் பொறுக்குவது களையை ஒழிக்கும் வேலையாகவும், வாசனைப் பொருளைச் சேர்க்கும் வேலையாகவும் அமைகிறது. வேர்நாரை நீக்கிக் கழுவி, நன்றாகக் காயவைத்து இடித்துச் சலித்து, பாசிப்பயற்று மாவுடனும் கஸ்தூரி மஞ்சளுடனும் கலந்தால் குளியல் பொடி ஆகும்.

வரப்போரத்து எருக்கையும் கொழுஞ்சியையும் நெல் வயல் வைத்திருப்போர் தழையுரமாகப் பயன்படுத்தலாம். நடவுக்கு ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்பே தழையைச் சேற்றில் மிதித்துவிட்டால், நாற்று ஊன்றுவதற்குள் அது மக்கத் தொடங்கியிருக்கும். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

பார்த்தீனியத்தை இவற்றோடு சேர்க்கவே கூடாது. அதைத் தொட்டால் பலருக்குத் தோலில் அரிப்பு உண்டாகும் என்பதால், பூப்பதற்கு முன் கையுறை அணிந்து பிடுங்கித் தனியாகக் குழியில் இட்டு மக்கவிட வேண்டும். பூத்துவிட்ட செடியைக் குழியில் இட்டால், விதைகள் எருவோடு மறுபடியும் காட்டுக்கே வந்து சேரும்.