டைல்ஸ் கப்பலேறும் முன்: மரைன் பாலிசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பலில் அனுப்பும் சரக்குக்கு இன்சூரன்ஸான மரைன் பாலிசி எடுத்தாச்சு, பிரீமியமும் கட்டியாச்சு, இனி வழியில் என்ன ஆனாலும் பணம் வந்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஆத்தங்குடி டைல்ஸ் அனுப்புகிறவரானாலும், காரைக்குடியில் மரத்தூண் வாங்கி அனுப்புகிறவரானாலும், பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். நஷ்டஈடு கேட்டுப் போடும் க்ளெய்ம் நிற்குமா விழுமா என்பது பின்னால் இணைத்திருக்கும் ஷரத்துகளில் இருக்கிறது.

சரக்குக்குப் பெரும்பாலும் லண்டன் சந்தையில் உருவான இன்ஸ்டிட்யூட் கார்கோ ஷரத்துகளைத்தான் சேர்க்கிறார்கள். 1982-இல் வந்து 2009-இல் திருத்தப்பட்டவை இவை. ஏ, பி, சி என்று மூன்று வகை. ‘சி’யில் தீ, கப்பல் மூழ்குவது, தரைதட்டுவது, மோதுவது, லாரி கவிழ்வது போன்ற பெரிய விபத்துகள் மட்டும்தான். திருட்டு கிடையாது, கைதவறி உடைவதும் கிடையாது. ‘பி’யில் கடல்நீர் புகுவது, நிலநடுக்கம் போன்றவை சேரும். ‘ஏ’ மட்டுமே விலக்கியவை தவிர மற்ற எல்லாவற்றையும் காக்கும். இதில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு சிக்கல் உண்டு. சரக்கின் விலை, இன்சூரன்ஸ், கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையில் விற்றால், சர்வதேச வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இன்படி விற்பவர் ‘சி’ எடுத்தாலே போதும். டைல்ஸுக்கு ‘சி’ எடுப்பது வீண் செலவு என்பேன். ‘ஏ’ வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

சரி, ‘ஏ’ எடுத்தாயிற்று. டைல்ஸ் உடைந்து போய்ச் சேர்கிறது. அப்போதும் பணம் வராமல் போகலாம், ஏனென்றால் பேக்கிங் போதவில்லை என்பது ‘ஏ’யிலும் விலக்கு. ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் சேர்த்துக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. நல்ல கனம், ஓரம் எளிதில் சிதறும். இதை வைக்கோலும் சணல் சாக்கும் சுற்றி உள்ளூர் லாரியில் அனுப்பினால் பரவாயில்லை. வாரக்கணக்கில் கப்பலில் ஆடிக்கொண்டே போகும் பயணத்துக்கு அது போதாது. டைல்ஸைச் செங்குத்தாக நிறுத்தி, இடையில் தடுப்பு வைத்து, மரப்பெட்டிக்குள் அசையாமல் இறுக்க வேண்டும். கன்டெய்னருக்குள் அடுக்குவதும் பேக்கிங்தான் என்று 2009 ஷரத்து சொல்கிறது. உங்கள் ஆட்கள் சரியாக அடுக்காவிட்டால் அந்தப் பழி உங்கள் மேல்தான் விழும். கன்டெய்னரை மூடும் முன் ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்து வையுங்கள். உடைசலுக்குத் தனி நிபந்தனையோ, நஷ்டஈட்டில் கழித்துக்கொள்ளும் தொகையோ போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு விற்பவரின் பொறுப்பு முடியும் எஃப்.ஓ.பி. விற்பனை. ‘வாங்குகிறவர் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்வார்’ என்று இங்கே பலரும் விட்டுவிடுகிறார்கள். கப்பலில் ஏறும் வரை சரக்கின் நஷ்டம் விற்பவரைச் சேர்ந்தது. காரைக்குடியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் வழியில் லாரி கவிழ்ந்தால் வாங்குகிறவரின் பாலிசி உங்களுக்கு உதவாது. அந்தத் தூரத்துக்கு உள்நாட்டுப் போக்குவரத்துப் பாலிசி ஒன்று நீங்களே எடுங்கள். பிரீமியம் அப்படியொன்றும் பெரிதாக வராது.

தாமதத்தால் வரும் நஷ்டமும் விலக்குதான். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. சீப்புச் சீடை, மணகோலம் போன்ற பலகாரங்களை அனுப்பியவருக்கு, காலாவதித் தேதி தாண்டிவிட்டது என்று ‘ஏ’ பாலிசியிலும் காசு வராது. போருக்கும் வேலைநிறுத்தத்துக்கும் தனித்தனி ஷரத்து சேர்க்க வேண்டும்.

பிரீமியத்தை மிச்சப்படுத்த மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். நஷ்டஈடும் அதே விகிதத்தில் குறையும். சி.ஐ.எஃப். மதிப்போடு 10 சதவீதம் சேர்த்துப் போடுவதுதான் வழக்கம்.

பழம்பொருள் அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு இந்தியத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயதைத் தாண்டிய தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. பயணமே சட்டத்துக்குப் புறம்பானது என்றால் பாலிசியும் நிற்காது. பழைய நிலைக்கதவு, தூண் என்றால் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்குங்கள்.

உங்கள் சரக்குக்கு ஒரு கீறல்கூட விழாமலே பணம் கட்ட நேரலாம் என்பது பலருக்குத் தெரியாது. கப்பலையும் சரக்கையும் ஆபத்திலிருந்து மீட்க ஆகும் செலவைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது கடல் வணிகத்தின் பழைய வழக்கம். ஜெனரல் ஆவரேஜ் என்பார்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கியபோது இப்படித்தான் அறிவித்தார்கள். ஏ, பி, சி மூன்றுமே இந்தப் பங்கை ஏற்கும். பாலிசியே இல்லாதவர் பணத்தை முன்வைப்பாகக் கட்டித்தான் சரக்கை எடுக்க வேண்டியிருக்கும்.

சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு நடக்கும் தவறு, பெட்டி நசுங்கியிருப்பதைப் பார்த்தும் ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று வாங்குகிறவர் கையெழுத்துப் போடுவது. சேதத்தை ரசீதிலேயே எழுத வேண்டும். வெளியே தெரியாத சேதம் என்றால் 3 நாளுக்குள் கப்பல் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். கப்பல் கம்பெனி மேல் வழக்குப் போட பொதுவாக ஓராண்டுதான் கெடு. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை உடைந்த துண்டுகளைக்கூட அள்ளிக் கொட்டாமல் வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் வாங்குகிறவருக்குச் சரக்கு கிளம்பும்போதே எழுதி அனுப்பிவிடுங்கள்.