டெல்ஃப்டுக்குத் தண்ணீர் படிக்கப் போகிறவர்களிடம் சொல்ல நினைப்பவை

குடிநீர், கழிவுநீர்ப் பொறியியல் படிக்க வெளிநாடு போக நினைக்கும் சிவில் மாணவர்கள் பலர் நெதர்லாந்தின் டெல்ஃப்டைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தச் சின்ன ஊரில் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கிறது, 1957இல் தொடங்கிய ஐஎச்இ டெல்ஃப்டும் இருக்கிறது. இரண்டாவது, தண்ணீருக்கென்றே இயங்கும் நிறுவனம். வளரும் நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் அங்கே அதிகம். கட்டணம், சேர்க்கைத் தேதி, உதவித்தொகை எல்லாமே இரண்டுக்கும் வேறு வேறு. சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால்தான் பல உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கவே முடியும். அதனால் உதவித்தொகை அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் சேர்க்கைக்கு முதலில் விண்ணப்பித்துவிடுங்கள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அடுத்த தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: அங்கே பார்ப்பதையெல்லாம் நம் ஊருக்கான விடை என்று நம்பிவிடுவது. டெல்ஃப்டுக்குப் பக்கத்தில் ஹார்னாஷ்போல்டர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஹேக் வட்டாரத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் கழிவுநீர் அங்கே வருகிறது. பார்த்தால் மலைப்பு வரும். ஆனால் அதற்குப் பின்னால் ஏறக்குறைய எல்லா வீடுகளையும் இணைக்கும் பாதாள சாக்கடை இருக்கிறது. நம் பேரூராட்சிகள் பலவற்றில் இருப்பது செப்டிக் டேங்கும், அதை உறிஞ்ச வரும் லாரியும்தான். அந்த லாரிகள் கொண்டுவரும் கசடுக்காகத் தமிழ்நாட்டில் 2017இல் கருங்குழியில் கட்டிய சுத்திகரிப்பு நிலையத்தைப் புறப்படும் முன் ஒரு முறை நேரில் பார்த்துவிடுங்கள். எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் தெளிவு வரும்.

வெப்பநிலையையும் மறக்கக் கூடாது. குளிர்காலத்தில் அங்கே கழிவுநீர் குளிர்ந்துவிடும், அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவின் வேகமும் குறையும். அவர்கள் தொட்டியை அதற்கேற்ற அளவில் கட்டுகிறார்கள். அந்த எண்களை நம் வெயிலுக்கு அப்படியே கொண்டுவந்தால் கணக்கு தப்பும். காற்றில்லாமல் சுத்திகரிக்கும் யுஏஎஸ்பி முறையை 1970களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் டச்சுக்காரர்கள்தான். ஆனால் வீட்டுக் கழிவுநீருக்கு அது நன்றாக வேலை செய்வது சூடான நாடுகளில். டச்சு உதவியோடு கான்பூரில் கட்டிய நிலையம் அப்படி வந்ததுதான். அதிலிருந்து வெளியேறும் நீரை மறுபடியும் சுத்திகரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

ஆய்வேட்டில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. ஊருக்கு வந்து அக்டோபர், நவம்பரில் கசடு மாதிரிகள் எடுத்தேன். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறி, ஒழுகும் தொட்டிகளுக்குள் புகுந்திருந்தது. கசடு நீர்த்துப்போய், அதில் எவ்வளவு அழுக்கு என்று காட்டும் எண்கள் எல்லாம் குறைவாக வந்தன. லாரிக்கு லாரி கசடு மாறும் என்பதால் நான்கைந்து மாதிரி போதவும் போதாது. கோடையிலும் எடுங்கள், மழையிலும் எடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எந்த ஆய்வகம் என்பதை விமானம் ஏறும் முன்பே பேசி வையுங்கள்.

அப்புறம் வீடு. டெல்ஃப்டில் அறை கிடைப்பது கடினம். பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பி ஏமாறாதீர்கள். அந்த முகவரியில் குடியிருப்பவராக நகராட்சியில் பதிவு செய்துகொள்ளலாமா என்று முதலிலேயே கேளுங்கள். இந்திய மாணவர்கள் படிக்கும் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரை, இல்லையென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டும் முழுநேரம் வேலை பார்க்கலாம், அதற்கும் வேலை கொடுக்கிறவர் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த வருமானத்தை நம்பிச் செலவுக் கணக்கு போடாதீர்கள்.

கடைசியாக, நம் ஊர்க்காரர்களோடு மட்டும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிட்டு, படிப்பை முடித்துவிடாதீர்கள். பக்கத்து இருக்கையில் உகாண்டாவிலிருந்து வந்த பொறியாளர் இருக்கலாம். அவர்கள் தலைநகர் கம்பாலாவின் லூபிகி சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கசடு எப்படி வந்து சேர்கிறது, லாரி நுழைய முடியாத சந்துகளில் கைப்பம்பு வைத்து எப்படி எடுக்கிறார்கள், அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள்.