இணைய வானொலியில் புதுப் பாட்டு தேடுவோர் செய்யும் தவறுகள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பேருந்தில் போய்வரும் கல்லூரிப் பிள்ளைகள் பலர் இணைய வானொலி கேட்கிறார்கள். ஆசையாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் இறங்கும்போது ஒரு பாட்டின் பெயர்கூடக் கையில் இருப்பதில்லை. எந்தச் செயலி, எந்த ஹெட்போன் என்பதெல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும். பாட்டைத் தொலைக்கவைக்கும் பழக்கங்கள் வேறு.

நிலையம் தாவுவது

உலக வானொலி நிலையங்களை ஊர்வாரியாகக் காட்டும் ரேடியோ கார்டன் செயலியில் உலக உருண்டையைச் சுழற்றி லிமாவில் 20 வினாடி, டாக்காரில் 20 வினாடி என்று ஓடினால் காதில் எதுவும் தங்காது. பாட்டைத் தேர்ந்தெடுப்பவரின் ரசனை பிடிபட ஒரு மணி நேரமாவது வேண்டும். வாரத்துக்கு ஒரு நிலையம் போதும். 1971இல் பாரிசில் தொடங்கிய ஃபிப் வானொலி நல்ல தொடக்கம். பேச்சு குறைவு, பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ஜாஸ், ரெகே என்று அதற்குத் தனி ஓடைகளும் (இணையத்தில் தொடர்ந்து வரும் ஒலிபரப்புகள்) உண்டு. அவற்றை அப்புறம் கேட்கலாம். தேடிப் போயிருக்கவே மாட்டாத பாட்டு, எல்லாம் கலந்து வரும் முதன்மை ஓடையில்தான் கிடைக்கும்.

திரையில் தெரியும் பெயரை அப்படியே நம்புவது

இதைப் பார்க்கும்போதுதான் மனசு ஆறுவதில்லை. புதுச்சேரி மாணவி ஒருவர் இரண்டு மாதமாகச் சேர்த்த பட்டியலைப் பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். பல இடங்களில் அவர் ரசித்த பாட்டு இல்லை; அதற்கு அடுத்து வந்த பாட்டுதான் இருந்தது.

காரணம் எளிது. பல செயலிகளில் ஒலி ஒரு வழியாகவும் பெயர் வேறு வழியாகவும் வருகின்றன. பெயர் உடனே மாறிவிடும். ஒலியோ முன்சேமிப்பில் (தடங்கல் வராமலிருக்கச் செயலி முன்கூட்டியே சேர்த்துவைக்கும் ஒலி) காத்திருந்து வரும். எச்.எல்.எஸ். என்ற ஒலிபரப்பு முறையில் ஒலியைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். சில துண்டுகள் சேர்ந்த பிறகே பாட்டு ஒலிக்கும். ஆகவே 20, 30 வினாடி பின்தங்குவது சாதாரணம். பாட்டு பிடித்திருக்கிறது என்று மனம் முடிவுசெய்வது பெரும்பாலும் கடைசியில்தான். அந்த நேரத்தில் திரையில் அடுத்த பாட்டு வந்திருக்கும், ஸ்கிரீன்ஷாட்டும் அதைத்தான் பிடிக்கும். நடுவில் போன் வந்து நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால், நிறுத்திய நேரமும் இந்த இடைவெளியோடு சேரலாம்.

முதல் அரை நிமிடத்திலும் கடைசி அரை நிமிடத்திலும் பெயரைக் குறிக்காதீர்கள். பாட்டின் நடுவில் குறியுங்கள். போன் பேசி முடித்தால் ஓடையை மூடிவிட்டுப் புதிதாகத் திறவுங்கள். கணினியில் கேட்டால் விஎல்சி என்ற மென்பொருளில் கண்ட்ரோல்+என் அழுத்தி ஓடையின் முகவரியை ஒட்டலாம். ஐஸ்காஸ்ட், ஷவுட்காஸ்ட் என்ற ஒலிபரப்பு மென்பொருள்கள் வழியாக வரும் ஓடைகளில் பெயர் ஒலிக்குள்ளேயே பொதிந்து வருவதால் விலகல் மிகக் குறைவு. கண்ட்ரோல்+ஐ அழுத்தினால் பெயர் தெரியும்.

இதோடு மணியையும் எழுதுங்கள். அறிவிப்பாளர் நடத்தும் நிகழ்ச்சிகளில் பல சமயம் நிகழ்ச்சியின் பெயர் மட்டுமே திரையில் வரும். அப்போது கைகொடுப்பது நேரம்தான். ஒலித்த பாட்டுகளை ஃபிப் தன் தளத்தில் நேரவாரியாக வைத்திருக்கிறது, ஆனால் அது பாரிஸ் நேரம். குளிர்காலத்தில் நம் கடிகாரத்திலிருந்து நாலரை மணி நேரம் கழிக்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை. இங்கே ஜனவரியில் இரவு 9.10 என்றால் அங்கே மாலை 4.40. அன்றிரவே அந்தப் பெயரைத் தேடிப் போட்டுக் கேட்டு, அதே பாட்டுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு வாரம் போனால் மெட்டு மறந்துவிடும், சரிபார்க்க வழியிருக்காது.

பேருந்தில் உயர்ந்த தரம் கேட்பது

128 கேபிபிஎஸ் (வினாடிக்கு 128 கிலோபிட்) ஓடை மணிக்கு சுமார் 58 எம்பி டேட்டா எடுக்கும், 320 என்றால் 144 எம்பி. ஓடும் பேருந்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது 320 அடிக்கடி திக்கும்; திக்கத் திக்கப் பெயருக்கும் ஒலிக்கும் இடைவெளி கூடும். பேருந்தில் 64 கேபிபிஎஸ் ஏஏசி (குறைந்த டேட்டாவிலும் தெளிவாக ஒலிக்கும் ஒலிவடிவம்) போதும். 320ஐ வீட்டு வைஃபையில் கேளுங்கள்.

மணிக்கணக்கில் பதிவுசெய்து குவிப்பது

வேண்டாம். திரும்பக் கேட்க மாட்டீர்கள்.

பக்கத்து ஊரை மறப்பது

ஆரோவில் வானொலி இணையத்தில் கிடைக்கிறது. அங்கே பதிவுகளையும் வைத்திருப்பதால், பெயரைக் குறிக்கத் தவறியதைத் திரும்பப் போய்த் தேடலாம்.