பிள்ளைக்குத் தலையில் சத்திரசிகிச்சை: வன்னியிலிருந்து புறப்படும்போது விடக்கூடாத தவறுகள்

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றது. அத்தான் இறங்கிப்போய் ஒரு தேங்காயை ஓங்கி அடித்தார். சிரட்டை தெறித்த சத்தம் கேட்டதும் என் அக்காவின் மகன் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு என் மடிக்குள் முகம் புதைத்தான். அப்போது அவனுக்கு எட்டு வயது. ஏன் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. முதல்நாள் இரவு, "சின்னம்மா, டொக்டர் என்னுடைய தலையை என்ன செய்வார்?" என்று கேட்டிருந்தான். "தேங்காய் உடைப்பது போலத்தான். உள்ளே இருக்கும் கட்டியை எடுத்துவிட்டு மூடிவிடுவார்" என்று சொல்லிச் சமாளித்தவள் நான்தான்.

கொழும்பு போய்ச் சேரும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு, எங்கள் பக்கத்திலிருந்து இதே பயணம் போன இன்னும் சில குடும்பங்களோடு கூட நின்றிருக்கிறேன். அவரவர் கதை வேறு. ஆனால் அநேகமான தவறுகள் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: யாரிடமாவது எதையாவது மறைப்பதில். பிள்ளையிடம் மறைக்கிறோம், வைத்தியரிடம் மறைக்கிறோம், வீட்டில் விட்டுவரும் மற்றப் பிள்ளைகளிடம் மறைக்கிறோம்.

பிள்ளையை ஏமாற்றிக் கூட்டிப்போவது

"மாமா வீட்டுக்குப் போகிறோம்", "ஊசியே போடமாட்டார்கள்", "சும்மா பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள்." இவற்றை நாம் அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் முதல் ஊசி ஏறும்போது பிள்ளைக்கு ஊசி மட்டும் வலிப்பதில்லை. பெற்ற தாயின் சொல்லும் பொய் என்று தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு "இது கொஞ்சம்தான் வலிக்கும்" என்று உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டான். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் நாட்களில், கண்ணைத் திற, கையை அசை, எழுந்து இரு என்று அவனிடம் நாம் கேட்கப்போவது ஏராளம். அந்த நம்பிக்கையை முதல் நாளே தொலைத்துவிடாதீர்கள்.

எப்போது சொல்வது? ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஓரிரு நாள் முன்பு போதும். அதற்கு மேல் முன்கூட்டிச் சொன்னால் பயம்தான் வளரும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் வேண்டும், கேள்வி கேட்க. பதின்ம வயதினருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியவேண்டும். வைத்தியர் பேசும்போது அவர்களும் அங்கே இருக்கட்டும்.

சொற்களைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். வெட்டுவது, பிளப்பது, உடைப்பது எதுவும் வேண்டாம். மண்டையோட்டைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையில் பெரும்பாலும் எலும்பில் ஒரு துண்டை எடுத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் வைத்துப் பொருத்திவிடுகிறார்கள். "டொக்டர் ஒரு சின்னக் கதவைத் திறந்து, உள்ளே சரிசெய்துவிட்டு, திரும்பப் பூட்டிவிடுவார்" என்று வாட்டில் ஒரு தாதி எங்கள் பையனுக்குச் சொன்னார். முறிகண்டியில் மூடிய வாய் அப்போதுதான் திறந்தது: "திறப்பு யாரிடம் இருக்கும்?"

மயக்க மருந்தையும் வெறும் நித்திரை என்று சொல்லாதீர்கள். பிறகு இரவில் நித்திரைக்குப் போகவே பயப்படும். இது மருந்தால் வரும் வேறுவிதமான நித்திரை, அந்த நேரத்தில் ஒன்றும் நோகாது, உன்னை எழுப்புவதற்கென்றே ஒரு டொக்டர் பக்கத்தில் நிற்பார் என்று சொல்லுங்கள். இன்னொன்று, கேட்காமலே சொல்லவேண்டியது: இது உன்னுடைய பிழையால் வந்ததல்ல. மாமரத்தால் விழுந்ததாலோ, சொல்வழி கேளாததாலோ தலைக்குள் கட்டி வந்தது என்று பிள்ளைகள் தமக்குள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். வெளியே சொல்லமாட்டார்கள்.

"அருவிவெட்டு முடியட்டும்"

காலையில் எழும்பியதும் தலையிடி, சாப்பிடாமலே வாந்தி, நடையில் தள்ளாட்டம், கண் இரண்டாகத் தெரிவது. இவை தலைக்குள் அழுத்தம் கூடுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைத்து, தலை வேகமாகப் பெருக்கும். வைத்தியர் திகதி தந்த பிறகும், அருவிவெட்டு முடியட்டும், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும், சாதகம் பார்த்துவிட்டுப் போவோம் என்று தள்ளிப்போடும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். நேர்த்தி வையுங்கள், வற்றாப்பளை அம்மனையும் மடுமாதாவையும் கும்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். மனதுக்கு அது பெரிய பலம். ஆனால் வைத்தியர் தந்த நாள்தான் நல்ல நாள்.

பயணம் நீளமானது. முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. கிளிநொச்சி, மாங்குளம், வவுனியாவுக்கு வந்துதான் ஏறவேண்டும். இரவு பஸ்ஸில் போய் விடிய நேரே வாட்டில் நிற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். வழியில் பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால், அல்லது எழுப்பக் கடினமான மயக்கத்தில் விழுந்தால், பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாமல் அருகில் உள்ள ஆஸ்பத்திரியில் இறங்குங்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதும், பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும், தண்ணீர் பருக்குவதும் இன்னும் எங்கள் பக்கத்தில் நடக்கிறது. மூன்றும் வேண்டாம். பக்கவாட்டில் சரித்துப் படுக்கவையுங்கள், கழுத்துப் பொத்தானைக் கழற்றுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது விட்டுவிட்டு மீண்டும் வந்தால், 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

வைத்தியரிடம் மறைப்பது

பரியாரியாரிடம் வாங்கிய எண்ணெய், லேகியம், குளிசை எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். பேசுவார் என்று பயந்து மறைக்கிறோம். பேசினால் பேசட்டும். சில மருந்துகள் இரத்தம் உறைவதைக் குறைக்கும்; அஸ்பிரினும் ஐபுபுரொபனும் அப்படித்தான். மூளையில் சத்திரசிகிச்சை என்றால் சிறு கசிவுகூடப் பெரிய விடயம். வலிப்பு மாத்திரை இடையில் இரண்டு நாள் தவறியிருந்தால் அதையும் சொல்லவேண்டும். டெக்ஸாமெதசோன் போன்ற வீக்கம் குறைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால், பிள்ளையின் கன்னம் ஊதுகிறது, ஓயாமல் பசிக்கிறது, எரிந்து விழுகிறான் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

காய்ச்சல், தடிமல், சளி இருந்தால் சொல்லுங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இருமலை மறைத்த ஒரு தந்தையை எனக்குத் தெரியும். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு அந்தச் சளிதான் முதலில் தெரியவேண்டும். ஆடும் பல் இருந்தாலும் சொல்லுங்கள். வாய்வழியாகக் குழாய் இறக்கும்போது அது கழன்று உள்ளே போய்விடக்கூடாது.

வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். திண்ம உணவு 6 மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன், தெளிந்த நீர் 1 முதல் 2 மணி நேரத்துக்கு முன் நிறுத்துவது பொதுவான கணக்கு. ஆனால் உங்கள் வாட்டில் சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள். பிள்ளை பசியில் அழும்போது அம்மம்மா சீலைத் தலைப்புக்குள் மறைத்து ஒரு விசுக்கோத்தைக் கொடுத்துவிடுவார். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கொடுத்துவிட்டால், கொடுத்ததாகச் சொல்லிவிடுங்கள். நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் பற்றி வன்னிக்காரருக்கென்றே ஒன்று சொல்லவேண்டும். அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். பிள்ளையின் தாயத்து, வெள்ளி அரைஞாண், தோடு, பஞ்சாயுதம் எல்லாம் கழற்றப்படவேண்டும். அது பலருக்கும் தெரியும். ஆனால் பிள்ளையோடு அறைக்குள் போகும் தாய்க்கோ தந்தைக்கோ உடம்பில் செல் துண்டு இருக்கிறதா? 2009ஆம் ஆண்டு முடிந்த போரின் துண்டுகளை இன்றும் தோளிலும் காலிலும் முதுகிலும் சுமந்துகொண்டு நம்மில் எத்தனையோ பேர் வயலில் வேலை செய்கிறோம். நோகாததால் மறந்தும் போகிறோம். காந்தம் அந்த இரும்பை இழுக்கக்கூடும், சூடாக்கவும் கூடும். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் என்றால் விபரீதம். அந்தக் கதையைச் சொல்லப் பிடிக்காது என்பது எனக்கு விளங்கும். எப்படிப் பட்டது, எங்கே பட்டது என்ற கதை ஒன்றும் வேண்டாம். "என் உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது" என்ற ஒரு வசனம் போதும். துண்டு இல்லாத வேறொருவர் பிள்ளையோடு உள்ளே போகட்டும். சி.டி. ஸ்கான் அறைக்குக் கர்ப்பிணித் தாய் போகக்கூடாது என்பதையும் இதோடு நினைவில் வையுங்கள்.

மொழி, காசு, ஆள்

நம் பிள்ளைகளில் பலர் பொரளையில் உள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறார்கள். சிங்களம் தெரியாத தாய் விளங்காமலே தலையாட்டுவதும், விளங்காத தாளில் கையெழுத்து வைப்பதும் பெரிய தவறு. தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. எதற்காக இந்தச் சத்திரசிகிச்சை, பேச்சு, பார்வை, நடை எதில் மாற்றம் வரலாம், எத்தனை நாள் தங்கவேண்டும் என்று தெரிந்த பிறகு கையெழுத்திடுங்கள். அவசரத்துக்கு ஒரு துண்டில் தமிழ் எழுத்தில் இவற்றை எழுதி வைத்திருங்கள்: ஒளுவ என்றால் தலை, ரிதெனவா என்றால் நோகிறது, வமனே என்றால் வாந்தி, வதுர என்றால் தண்ணீர், படகினி என்றால் பசி.

தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு என்ற வீடுகள் எங்களிடம் அதிகம். யார் கையெழுத்திடலாம், கிராம அலுவலரின் கடிதம் ஏதும் வேண்டுமா என்பதைப் புறப்படும் முன்பே கிளினிக்கில் கேளுங்கள். வாட்டில் இரவு தங்கப் பெரும்பாலும் ஒருவரைத்தான் விடுவார்கள், அதுவும் தாயை அல்லது ஒரு பெண்ணை. தகப்பன் எங்கே தங்குவார் என்று யோசிக்காமல் போய், மழைக்குள் வாசலில் இருந்த ஆட்களைக் கண்டிருக்கிறேன்.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை. தங்குமிடம், போக்குவரத்து, சிலவேளை வெளியில் எடுக்கும் ஸ்கானும் மருந்தும்தான் செலவு. கணக்குத் தெரியாமல் பயந்து நுண்கடன் எடுத்துவிடாதீர்கள். நோய் மாறிய பிறகும் அந்தக் கடன் வாசலில் வந்து நிற்கும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதை முதலில் கேளுங்கள்.

மூன்று நாள் உடுப்போடு போவதும் தவறு. எடுத்த கட்டி எந்த வகை என்று தெரிந்த பிறகு, மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்படலாம். சிறுமூளையில் வரும் மெடுலோபிளாஸ்டோமா போன்ற புற்றுக்கட்டிக்கு அது ஆறு வாரமளவு நீளும்.

வீட்டில் விட்டுப்போகும் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். போனவர் வந்துவிடுவார் என்று சொல்லப்பட்டு வராமலே போனவர்கள் வீட்டுக்கு வீடு உள்ள மண் இது. அந்தப் பேச்சு சின்னப் பிள்ளைகளின் காதிலும் விழுந்திருக்கும். எங்கள் பையனின் தங்கை நான்கு நாள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் தொலைபேசியில் அண்ணாவின் முகம் பார்த்த பிறகுதான் புட்டைத் தொட்டாள். தலையில் கட்டு இருக்கும், முகம் வீங்கியிருக்கும் என்று முன்னரே சொல்லிவிட்டுத்தான் காட்டினோம்.

பிறகு

பெற்றோருக்கும் அந்த முகம் அதிர்ச்சிதான். கண் இமைகள் திறக்கமுடியாமல் வீங்கும். இரண்டு மூன்று நாள் கூடிப் பிறகு வற்றும். பிடரிப் பக்கம், சிறுமூளையருகே கட்டி எடுத்த சில பிள்ளைகள், முதல் நாள் நன்றாகப் பேசிவிட்டு, அடுத்த சில நாட்களில் பேச்சே நின்று போவதுண்டு. பிடிவாதம் என்று அதட்டாதீர்கள், பேய் என்று பயப்படாதீர்கள். மருத்துவம் அறிந்த நிலை அது. பேச்சு பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும். தடுமாற்றம் சில காலம் மிஞ்சலாம். முதலிலேயே வைத்தியரிடம் கேட்டு வைத்திருந்தால் அந்த நாட்களைத் தாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் காயத்தில் திருநீறு, மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். வைத்தியர் சொல்லும்வரை குளத்துக் குளிப்பு இல்லை. காயத்தால் தண்ணீர் போல் கசிந்தால், சிவந்து வீங்கினால், காய்ச்சல், ஓயாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தூக்கம் வந்தால், கொழும்புக்கு பஸ் தேடாமல் முதலில் உங்கள் மாவட்ட வைத்தியசாலைக்கு ஓடுங்கள். தலையிலிருந்து வயிற்றுக்கு நீர் வடிக்கும் குழாய் வைத்த பிள்ளை என்றால் இந்த வாந்தியும் தூக்கமும் குழாய் அடைத்ததன் அடையாளமாக இருக்கலாம். எத்தனை வருடம் சென்றாலும் வரலாம். வாட்டிலிருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டைத் தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருங்கள். ஸ்கான் படங்களைக் கூரைத் தகரத்தின் கீழ்ச் சுருட்டிச் செருகாமல், தட்டையாக, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

அடுத்த கிளினிக் திகதியைச் சுவர்க் கலண்டரில் பிள்ளையின் கையாலேயே வட்டமிடச் சொல்லுங்கள். எங்கள் பையன் வட்டமிட்டுவிட்டு, முறிகண்டியில் இறங்கித் தேங்காயைத் தானே உடைப்பதாகச் சொன்னான்.