கடைசி நாலு நிமிஷம்: ஒரு காலேஜ் பாஸ்கெட்பால் டீமை பைத்தியம் பிடிக்காம ஃபாலோ பண்றது எப்படி

முதல்லயே சொல்லிடறேன், ஒரு பாயிண்ட் ரெண்டு பாயிண்ட்ல முடியற மேட்சாவே ஆடுற டீம் மேல ஆசை வெச்சீங்கன்னா நவம்பர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் நிம்மதி கிடையாது, ஜெயிச்ச அன்னிக்கும் நெஞ்சு படபடன்னு தான் இருக்கும். ஆனா எதைப் பாக்கணும்னு தெரிஞ்சுட்டா அந்தப் படபடப்பே ருசியா ஆயிடும், ஸ்கோரை மட்டும் வெறிச்சுப் பாத்துட்டு இருக்கறவங்களுக்குத் தான் கஷ்டம்.

பழகறதுக்கு வர்ஜீனியா யூனிவர்சிட்டியோட 2018-19 சீசனை எடுத்துக்கோங்க. முடிவு தெரிஞ்ச மேட்ச்ல தான் பழகணும், தெரியாத மேட்ச்ல கண்ணு பந்து பின்னாடியே ஓடிடும், ஒண்ணும் மண்டைல ஏறாது. இந்த டீமை ஏன் சொல்றேன்னா, அதுக்கு முந்தின மார்ச்ல இவங்களுக்கு நடந்த அவமானம் சாதாரணமானது இல்ல. ஆண்கள் என்சிஏஏ போட்டியில (மார்ச்ல நடக்கற காலேஜ் சாம்பியன்ஷிப், சீட்னா அதுல டீமுக்குக் கொடுக்கற தர வரிசை நம்பர், 1 தான் உசத்தி, 16 கடைசி) அதுவரைக்கும் 16ஆம் சீட் டீம்கிட்ட 1ஆம் சீட் டீம் தோத்ததே கிடையாது, 135 மேட்ச்ல 135லயும் ஜெயிச்சிருந்தாங்க, 2018ல வர்ஜீனியா தான் முதல் ஆளா போய் யூஎம்பிசி கிட்ட 74-54ன்னு வாங்கிக் கட்டிக்கிச்சு. (பெண்கள் போட்டியில 1998லயே ஹார்வர்ட் ஸ்டான்ஃபோர்டை இப்படிக் கவுத்துட்டாங்க, அதை யாரும் ஞாபகம் வெச்சிக்கறதில்ல.) அடுத்த வருஷம் அதே கோச், கிட்டத்தட்ட அதே பசங்க, 35 ஜெயிச்சு 3 தோத்து சாம்பியன் ஆனாங்க, கடைசி மூணு மேட்சையும் பாத்தீங்கன்னா மூணுமே கையை விட்டுப் போன மேட்ச்.

மேட்சுக்கு முன்னாடி உங்க டீம் எவ்ளோ வேகமா ஆடுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஆட்டம் மொத்தம் 40 நிமிஷம், பந்து கைக்கு வந்தா 30 செகண்டுக்குள்ள ஷாட் போடணும். சில டீம் பத்து செகண்ட்ல போட்டுட்டு ஓடுவாங்க, டோனி பென்னட் கோச்சா இருந்த வர்ஜீனியா பசங்க ஷாட் கிளாக்கை கடைசி வரைக்கும் கரைச்சுட்டுத் தான் போடுவாங்க. டிஃபென்ஸ்லயும் மூணு பாயிண்ட் கோட்டுக்கு (அதுக்கு வெளிய இருந்து போட்டா மூணு பாயிண்ட்) கொஞ்சம் உள்ள ஒரு கற்பனைக் கோடு இருக்கற மாதிரி நெனச்சுக்கிட்டு, பந்து வெச்சிருக்கறவனை ஒருத்தன் மறிப்பான், மத்த நாலு பேரும் அந்தக் கோட்டுக்குள்ள கூட்டமா நிப்பாங்க, உள்ள நுழையவே வழி இருக்காது. அதனால ஒரு மேட்ச்ல ஒவ்வொரு டீமுக்கும் 60 தடவை சொச்சம் தான் பந்து கிடைக்கும், வேகமான டீமுக்கு 70க்கு மேல போகும். இது மழை பெஞ்சு அஞ்சு ஓவரா குறைச்ச கிரிக்கெட் மேட்ச் மாதிரி தான், வாய்ப்பு குறையக் குறைய நல்ல டீம், சுமாரான டீம் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம போயிடும். மெதுவா ஆடுற டீமை ஃபாலோ பண்றவங்க நெருக்கமான மேட்ச் வருதேன்னு புலம்பக் கூடாது, கேட்டு வாங்கினது தான் அது.

இப்ப முக்கியமான வேலை. ஒரு பேப்பர், ஒரு பேனா. சிரிக்காதீங்க. ஒவ்வொரு பாதியிலயும் 16, 12, 8, 4 நிமிஷம் மிச்சம் இருக்கற கட்டத்துக்கு அப்புறம் ஆட்டம் எப்ப முதல்ல நிக்குதோ அப்ப டிவி விளம்பரத்துக்குன்னு ஒரு டைம்அவுட் விடுவாங்க. ரெண்டாவது பாதியில அந்த நாலு நிமிஷ டைம்அவுட் வந்ததும் பேப்பரை எடுங்க, ரெண்டு டீமும் அந்தப் பாதியில எத்தனை ஃபௌல் பண்ணிருக்காங்க, யார்கிட்ட எத்தனை டைம்அவுட் மிச்சம், பந்துக்கு ரெண்டு பேர் கட்டிப் பிடிச்சா அடுத்து யாருக்குக் கொடுக்கணும்னு காட்டற அம்புக்குறி எந்தப் பக்கம், நாலு ஃபௌலோட ஆடிட்டு இருக்கறது யாரு (அஞ்சாவது பண்ணா வெளிய), இவ்ளோ தான்.

ஃபௌல் கணக்கு தான் உயிர். 2019 மேட்ச்ல இருந்த ரூல் படி ஒரு பாதியில எதிர் டீம் ஆறு ஃபௌல் வரைக்கும் பண்ணா, ஷாட் போடும்போது அடிச்சா ஒழிய ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காம நின்னு போடற ஷாட், போனா ஒரு பாயிண்ட்) கிடையாது, பந்து மட்டும் திரும்பக் கிடைக்கும். ஏழாவதுல இருந்து ஒன் அண்ட் ஒன், அதாவது முதல் ஃப்ரீ த்ரோ உள்ள போனா தான் ரெண்டாவது. பத்தாவதுல இருந்து நேரா ரெண்டு. என்பிஏ பாத்துப் பழகினவங்களுக்கு இந்த ஒன் அண்ட் ஒன் புதுசா இருக்கும், ஆனா காலேஜ் மேட்சோட பாதி டிராமா அதுல தான் இருக்கு, ஏன்னா முதல் த்ரோ மிஸ் ஆனா ஒரு பாயிண்டும் இல்லாம பந்தும் போயிடும்.

இதை வெச்சிக்கிட்டு ஆபர்ன் மேட்சைப் போடுங்க, 2019 செமி ஃபைனல், மினியாபொலிஸ். அஞ்சு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது வர்ஜீனியா 10 பாயிண்ட் முன்னாடி, அப்புறம் ஆபர்ன் வரிசையா 14 பாயிண்ட் போட்டு 61-57ன்னு திருப்பிட்டாங்க. வர்ஜீனியாவோட கைல் கை ஒரு மூணு பாயிண்டர் போட்டான், ஆபர்ன் ரெண்டு ஃப்ரீ த்ரோல ஒண்ணை விட்டுட்டாங்க, 62-60. இப்ப பேப்பரைப் பாருங்க, ஆபர்ன்கிட்ட ஃபௌல் மிச்சம் இருக்கு (ஏழாவது இன்னும் ஆகல), அதனால வேணும்னே ஃபௌல் பண்ணிப் பண்ணி நேரத்தைத் தின்றாங்க. பேப்பர் இல்லாதவங்க ஏன் இவங்க லூசு மாதிரி ஃபௌல் பண்றாங்கன்னு தான் கேப்பாங்க. கடைசியில 0.6 செகண்ட் இருக்கும்போது கைல் கை மூணு பாயிண்டர் போடப் போக அவன் மேல இடிச்சுட்டாங்க, மூணு ஃப்ரீ த்ரோ, ரெண்டு போட்டதும் ஆபர்ன் அவனை நடுங்க வைக்க டைம்அவுட் எடுத்தாங்க, வந்து மூணாவதையும் போட்டான், 63-62. கொஞ்சம் முன்னாடி வர்ஜீனியாவோட டை ஜெரோம் டபுள் டிரிபிள் (பந்தைத் தட்டறதை நிறுத்திப் பிடிச்சுட்டு மறுபடி தட்டறது, அது தப்பு) பண்ணதை ரெஃப்ரி பாக்கலன்னு இன்னமும் சண்டை நடக்குது, எனக்கும் அது டபுள் டிரிபிள்னு தான் தோணுது.

அதுக்கு முந்தின மேட்ச் பர்டூ. இதுல கத்துக்க வேண்டியது ஒரு பழைய வாதம், மூணு பாயிண்ட் முன்னாடி இருக்கும்போது கடைசி செகண்டுகள்ல ஃபௌல் பண்ணலாமா கூடாதா. பண்ணா எதிராளிக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ தான், டை ஆகாது. பர்டூ 70-67ல அதைத் தான் பண்ணாங்க, 5.9 செகண்ட் மிச்சம், ஜெரோம் முதலாவது போட்டான், ரெண்டாவது மிஸ். அங்க வர்ஜீனியாவோட டியாகிடே அந்த ரீபவுண்டை (மிஸ் ஆகி எழும்பற பந்தை) பின்னாடி தட்டி விட, பந்து மைதானத்தோட மறுபாதிக்கு உருண்டு போக, கிஹே கிளார்க்ன்னு ஒரு முதல் வருஷப் பையன், டீம்லயே குள்ளம், அவன் ஓடிப் பிடிச்சு ஒரே நீளப் பாஸ், டியாகிடே கைக்கு வந்து அவன் விட்ட பந்து பஸ்ஸர் அடிக்கும்போது காத்துல. 70-70. ஓவர்டைம்ல (டை ஆனா ஆடற கூடுதல் நேரம்) வர்ஜீனியா 80-75ன்னு ஜெயிச்சாங்க. பர்டூ பண்ண முடிவு தப்பான்னா என்னைக் கேட்டா இல்ல, கணக்கு சரி, ரீபவுண்ட் தான் போச்சு. எதிர் டீம்ல கார்சன் எட்வர்ட்ஸ் 42 பாயிண்ட் போட்டும் தோத்தான், பாவம்.

ஃபைனல்ல டெக்சஸ் டெக் கூட அதே கதை, கடைசி அரை நிமிஷத்துல மூணு பாயிண்ட் பின்னாடி, வர்ஜீனியாவோட டியாண்ட்ரே ஹண்டர் மூலையில இருந்து மூணு பாயிண்டர் போட்டு 68-68, ஓவர்டைம்ல 85-77. இதுல ஓவர்டைம் ஃப்ரீ த்ரோக்களை மட்டும் எண்ணுங்க, வர்ஜீனியா 12 எடுத்து 12ம் போட்டாங்க.

சரி, தோக்கற அன்னிக்கு என்ன பண்றது. அந்த சீசன்லயே ஜனவரியில ட்யூக் ஊர்ல போய் 72-70ன்னு தோத்தாங்க, பத்து நாள் கழிச்சு என்சி ஸ்டேட் கூட ஓவர்டைம்ல 66-65ன்னு ஜெயிச்சாங்க. ஒண்ணுக்கு அழுது இன்னொண்ணுக்கு ஆடறதுல அர்த்தமே இல்ல, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மேட்ச் தான். ரிசல்ட்டை மறைச்சுக்கிட்டு பாக்ஸ் ஸ்கோர்ல (மேட்சோட புள்ளிவிவரப் பட்டியல்) பந்தை எத்தனை தடவை பறி கொடுத்தாங்க, எத்தனை ஃப்ரீ த்ரோ வாங்கினாங்க, எதிர் டீம் மிஸ் பண்ண பந்தை எதிர் டீமே எத்தனை தடவை திரும்பப் பிடிச்சாங்க, இதைப் பாருங்க. இது மூணும் நல்லா இருந்து ஒரு பாயிண்ட்ல தோத்தா விட்டுடுங்க, மூணும் மோசமா இருந்து ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சா தான் பயப்படணும். கென்பாம்ன்னு ஒரு ரேட்டிங் இருக்கு, அதுல அதிர்ஷ்டத்துக்குன்னே அட்டவணையில தனி கட்டம் உண்டு, ஆட்டத்தோட தரத்துக்கு எவ்ளோ ஜெயிச்சிருக்கணும், நிஜத்துல எவ்ளோ ஜெயிச்சாங்கன்னு ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். பிப்ரவரியில உங்க டீம் அதுல உச்சத்துல இருந்தா வாயை மூடிட்டு இருங்க, பக்கத்து ஃபேன்கிட்ட சவால் விடாதீங்க.

தோத்த இடமும் முக்கியம். மார்ச் டோர்னமென்ட்டுக்கு டீம் எடுக்கற கமிட்டி 2018-19ல இருந்து நெட்ன்னு ஒரு ரேங்கிங் வெச்சு மேட்சுகளைப் பிரிக்கறாங்க, சொந்த ஊர்ல முதல் 30க்குள்ள இருக்கற டீம் கூட ஆடினா தான் உசந்த வகை மேட்ச், ஆனா அடுத்த ஊருக்குப் போய் ஆடினா 75 வரைக்கும் இருக்கற டீமே அந்த வகையில வந்துடும். அதனால வெளியூர்ல நல்ல டீம்கிட்ட ரெண்டு பாயிண்ட்ல தோக்கறது பெரிய கறை இல்ல, வீட்ல உப்புமா டீம்கிட்ட தோத்தா தான் மார்ச்ல கேள்வி வரும்.

இந்தியாவுல இருந்து பாக்கறவங்களுக்கு ஒரு வசதி, அங்க கிழக்குக் கரையில ராத்திரி 9 மணி மேட்ச் ஜனவரியில நமக்குக் காலைல 7:30, காபியோட பாக்கலாம். மார்ச் ரெண்டாவது ஞாயிறு அங்க கடிகாரத்தை மாத்துவாங்க, அப்புறம் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னாடி வந்துடும், இதை மறந்துட்டு பாதி மேட்ச் முடிஞ்சப்புறம் எழுந்து உக்காந்தவன் நான். கடைசி ரெண்டு நிமிஷம் ஆடி முடிக்கப் பதினஞ்சு நிமிஷம் கூட ஆகும், ஆஃபீஸ் மீட்டிங்கை அதுக்குத் தகுந்த மாதிரி தள்ளி வைங்க.

இன்னொரு கிளிப்பும் பாத்து வெச்சிக்கோங்க. மார்ச் 2023, முதல் ரவுண்ட், 4ஆம் சீட் வர்ஜீனியாவும் 13ஆம் சீட் ஃபர்மனும். வர்ஜீனியா 67-65 முன்னாடி, சில செகண்ட் தான் மிச்சம், ரெண்டு பேர் வந்து மடக்கினதும் பந்து வெச்சிருந்தவன் பதறிப் போய் உயரமா தூக்கிப் போட்டான், ஃபர்மன் பையன் பிடிச்சுக் கொடுக்க ஜேபி பெகீஸ் மூணு பாயிண்டர், 68-67, வர்ஜீனியா வீட்டுக்கு. தூக்கிப் போட்டது கிஹே கிளார்க், 2019ல அந்த நீளப் பாஸ் போட்ட அதே குள்ளப் பையன், இப்ப அஞ்சாவது வருஷம்.